ழகரமும் நம் பிள்ளைகளின் நாவும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் நோக்கி வரும் மின்சார ரயிலில் பயணம் செய்வோர், வழியில் வரும் ஊர்ப் பெயர்களை ஒரு நாளேனும் காதுகொடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். எழும்பூர், பழவந்தாங்கல் ஆகிய இரண்டு நிலையங்களின் பெயர்களிலும் ழகரம் இருக்கிறது. ரயிலை விட்டிறங்கிப் பேருந்தில் ஏறினால் கீழ்க்கட்டளை, இராஜகீழ்ப்பாக்கம், பொழிச்சலூர், சோழிங்கநல்லூர், தாழம்பூர் என்று அதே எழுத்து நம்மைத் தொடர்ந்து வருகிறது. வேளச்சேரியிலும் பெருங்களத்தூரிலும் கிளாம்பாக்கத்திலும் ளகரம். பல்லாவரத்திலும் சேலையூரிலும் வண்டலூரிலும் லகரம். பள்ளிக்கூடம் போகாமலே, ஊர்ப் பெயர்களைக் கொண்டே ல, ள, ழ ஆகிய மூன்று எழுத்துகளையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தக்க வட்டாரத்தில் நாம் குடியிருக்கிறோம்.

ஆனால் அதே ரயிலில் நம் காதில் விழுவது வேறு. ஒருவர் ‘பளவந்தாங்கல்’ என்கிறார். அருகிலிருப்பவர் ‘பயவந்தாங்கல்’ என்கிறார். கல்லூரி மாணவர் ஒருவர் ஆங்கிலப் பெயர்ப்பலகையைப் பார்த்து, நாவுக்கு எட்டிய ஏதோ ஓர் ஒலியை எழுப்பிவிட்டு நகர்கிறார். நால்வரில் ஒருவர் வாயிலேனும் ழகரம் திருத்தமாக வந்தால் நாம் நிமிர்ந்து பார்க்கிறோம். இந்த நிலை எதனால் வந்தது? நாவில் குறையா, பயிற்சியில் குறையா, அன்றி வீட்டில் யாரும் சொல்லித் தராத குறையா? குடும்பங்களில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது என்பதால், இவ்விதழில் இதைச் சற்று விரிவாகவே எழுதத் துணிகிறோம்.

எங்கே உறுத்துகிறது?

‘பழத்தைப் பளம் என்றால் என்ன குறைந்துவிடும்? கடைக்காரர் பழத்தைத்தானே எடுத்துக் கொடுக்கிறார்?’ என்று கேட்பவர் உண்டு. கடைத்தெருவில் ஒன்றும் குறையாது, உண்மைதான். கோவிலில் வாசகம் படிக்கும்போதுதான் அது உறுத்துகிறது.

நம் செபங்களிலும் மறையுரைகளிலும் அடிக்கடி வரும் சொற்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். வாழ்வு, வழி, புகழ், மகிழ்ச்சி, தாழ்ச்சி, கீழ்ப்படிதல், உயிர்த்தெழுதல்: இவை ஒவ்வொன்றிலும் ழகரம் இருக்கிறது. மங்கள வார்த்தை செபத்தில் நம் அன்னையை வாழ்த்தும் சொல்லிலும் அதுவே இருக்கிறது. இயேசு தம்மை வழி என்று கூறிய நற்செய்திப் பகுதியை வாசிக்கும்போது அச்சொல் ‘வலி’ என்று விழுந்தால், கேட்போர்க்கு நோவு என்று பொருள்படுகிறது. திருப்பலியில் வரும் ‘பலி’ என்ற சொல்லும், குற்றஞ்சாட்டுதலைக் குறிக்கும் ‘பழி’ என்ற சொல்லும் ஒரே ஒலியாகிவிட்டால், வாசகத்தின் கருத்தே தடம் மாறுகிறது. உலகின் ‘ஒளி’ என்பது ‘ஒலி’ ஆவதும் அப்படியே. மூத்தோர் பொருளைத் தாமே திருத்திக் கொள்வர். மறைக்கல்விக்கு வரும் சிறுவருக்கு அவ்வாறு திருத்திக் கொள்ள இயலாது.

இதன் மறுபக்கமும் நம் மனத்தை வருத்துவதாகும். நம் பங்குகளில் வாசகர் பட்டியலுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் சிலர், ஒரு ஞாயிறு வாசித்தபின் மறு ஞாயிறு வருவதில்லை. காரணம் கேட்டால் தலையைக் குனிந்து கொள்கின்றனர். பிறகு தாயார் சொல்லித்தான் தெரிகிறது: முன்வரிசையில் இருந்த தோழர்கள் சிரித்துவிட்டனராம். திருத்தமான ஒலியை நாம் விரும்புகிறோம். ஆனால் அந்த விருப்பமே ஒரு பிள்ளையின் வாயை மூடிவிடுமானால், நாம் காத்தது என்ன? இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நா என்ன செய்கிறது?

ழகரத்தைப் பலர் பிறவியிலேயே வாய்க்கும் வரம்போலப் பேசுகின்றனர். உண்மையில் அது நா செல்லவேண்டிய ஓர் இடம், அவ்வளவே. அந்த இடத்தைச் சொல்லிக் கொடுத்தால் பெரும்பாலோர்க்கு அது வந்துவிடுகிறது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று அது வகுத்துரைக்கிறது. அண்ணம் என்பது மேல்வாய். நா அண்ணத்தோடு கொள்ளும் உறவைக் குறிக்க அந்நூல் இரண்டு வினைகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று ஒற்றுதல், அதாவது அழுந்தத் தொடுதல். மற்றொன்று வருடுதல், அதாவது மெல்லத் தடவுதல். ரகரமும் ழகரமும் நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடுவதால் பிறப்பவை என்றும், லகரம் ஒற்றுவதால் பிறப்பது என்றும், ளகரம் வருடுவதால் பிறப்பது என்றும் அது பிரித்துக் காட்டுகிறது. பிற்காலத்து நன்னூலும் ரகரத்தையும் ழகரத்தையும் வருடுதலோடு சேர்த்தே கூறுகிறது. கண்ணாடியும் கருவியும் இல்லாத காலத்தில், தம் வாய்க்குள் நிகழ்வதைத் தாமே உணர்ந்து இவ்வளவு நுட்பமாக எழுதிவைத்தனர் என்பது வியப்புக்குரியது.

இன்றைய ஒலியியலார் கூறுவதை எளிய சொற்களில் இவ்வாறு சொல்லலாம். லகரத்துக்கு நாவின் நுனி மேற்பல்லுக்குப் பின்னே உள்ள ஈற்றைத் தொடுகிறது. தொட்டபடியே நிற்க, காற்று நாவின் இரு பக்கங்களிலும் வழிந்து வெளியேறுகிறது. ளகரத்துக்கு நுனி இன்னும் பின்னே சென்று, மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடுகிறது. காற்று முன்போலவே பக்கங்களில் செல்கிறது. ழகரத்துக்கு நுனி அதே போல் பின்னோக்கி வளைகிறது. ஆனால் அண்ணத்தை நெருங்கிச் சென்று, தொடாமல் நின்றுவிடுகிறது. நாவின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களை அணைத்துக்கொள்ள, காற்று நடுவழியாகச் செல்கிறது. ஆக, ளகரத்துக்கும் ழகரத்துக்கும் இடையே உள்ள தொலைவு ஓர் அரிசியின் பருமன்கூட இராது. தொட்டால் ஒன்று, தொடாவிட்டால் மற்றொன்று.

இப்போது ரயிலில் நாம் கேட்ட இரண்டு ஒலிப்புகளுக்கும் காரணம் விளங்கும். ‘பளம்’ என்பவர் நாவைச் சரியாகவே வளைத்துவிட்டார், கடைசியில் ஒட்டவிட்டார். ‘பயம்’ என்பவர் நாவை ஒட்டவிடவில்லை. ஆனால் நுனியை வளைக்காமல் நாவின் நடுப்பகுதியை உயர்த்திவிட்டார். இருவருமே பாதி வழி வந்தவர்கள். ஒருவருக்கு ‘ஒட்டாதே’ என்றும், மற்றவருக்கு ‘நுனியை மடி’ என்றும் சொல்ல வேண்டும். எல்லோரையும் பார்த்து ‘ழ சொல், ழ சொல்’ என்று அதட்டுவதால் பயன் விளையாததற்கு இதுவே காரணம்.

நாவின் தடத்தைக் காண்பதற்கு ஒலியியலார் கையாளும் பழைய முறை ஒன்று உண்டு. நாவின்மேல் கரிப்பொடிக் குழம்பைத் தடவிக்கொண்டு ஒரு சொல்லைச் சொல்லச் செய்து, பிறகு அண்ணத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் பார்ப்பர். ளகரத்துக்கு அண்ணத்தின் நடுவே தடம் இருக்கும். ழகரத்துக்கு நடுவில் தடம் இராது. இத்தகைய முறையோடு எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்து, தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்து ஒலிகளையும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1999-இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியரான ஸ்ரீகாந்த் நாராயணன், நம் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பயின்றவர். தொல்காப்பியர் வருடுதல் என்று குறித்த நாவின் செயல், படமெடுக்கும் கருவியின்முன் வந்து நின்றது தமிழர்க்குப் பெருமை தருவதே.

நமக்கு மட்டும் உரியதா?

ழகரம் உலகில் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடைகளில் சொல்லப்படுகிறது. அன்பு மிகுதியால் சொல்லப்படும் கூற்று அது. நம் பங்குகளில் உள்ள மலையாளக் குடும்பங்களைக் கேட்டால், ஏழு, கோழி, மழை என்று நம்மைவிடத் தெளிவாகவே ழகரத்தை ஒலிப்பர். அமெரிக்கர் பலர் தம் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்ற எழுத்தை ஒலிக்கையில் நாவை வளைப்பதும் ழகரத்துக்கு மிக நெருங்கியதே. சீன மொழியிலும் இதற்கு ஒத்த ஓர் ஒலி இருக்கிறது.

அண்டை மொழிகள் நமக்குச் சொல்லும் செய்தி இதைவிட முக்கியமானது. பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ழகரத்துக்கெனத் தனி எழுத்தே இருந்தது; தெலுங்கின் பழைய கல்வெட்டுகளிலும் அது காணப்படுகிறது. இன்று அவ்விரு மொழிகளின் வழக்கிலும் அந்த ஒலி இல்லை. நம் ‘ஏழு’ கன்னடத்தில் ‘ஏளு’, தெலுங்கில் ‘ஏடு’. நம் ‘கோழி’ கன்னடத்தில் ‘கோளி’, தெலுங்கில் ‘கோடி’. அதனால் அம்மொழிகள் தாழ்ந்துவிடவில்லை. இலக்கியமும் வழிபாடும் அவற்றில் செழித்தே வளர்ந்தன. ஆயினும், ஓர் ஒலி ஒரு மொழியைவிட்டு நீங்குவது எப்படி நிகழ்கிறது என்பதை அவற்றில் காணலாம். யாரும் ஆணையிட்டு அதை நீக்கவில்லை. ஒரு தலைமுறையின் நா சற்றுச் சோம்பியது. அடுத்த தலைமுறை தான் கேட்டதையே கற்றது. பிள்ளைகள் கேளாத ஒலி பிள்ளைகளின் நாவில் வராது.

தமிழ்நாட்டிலேயே தென்மாவட்டங்களின் பேச்சில் ழகரம் பெரிதும் ளகரமாகிவிட்டது. யாழ்ப்பாணப் பேச்சிலும் அப்படியே. சென்னையையும் அதைச் சுற்றிய வடபகுதிகளையும் சார்ந்த பழைய பேச்சில் அது யகரமாயிற்று. மழை ‘மய’ ஆயிற்று, கோழி ‘கோயி’ ஆயிற்று. தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேலை தேடி வந்து குடியேறிய குடும்பங்களே நம் பங்குகளில் மிகுதி. ஆதலால் ஒரே இருக்கையில் அமர்ந்து செபிப்போர் மூவர், ஒரே சொல்லை மூன்று விதமாகச் சொல்லக் கேட்கிறோம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. அவரவர் ஊர் அவரவர் நாவில் இருக்கிறது.

அயலார் காதில் விழுந்த விதம்

இவ்வொலியைக் கேட்டு எழுத முயன்ற ஐரோப்பியர் பட்ட பாடு, நம் ஊர்ப் பெயர்களிலேயே பதிந்து கிடக்கிறது. சோழமண்டலம் என்ற பெயரே ‘கோரமண்டல்’ ஆயிற்று என்பது பெரும்பாலோர் கருத்து. அங்கே ழகரம் ‘ஆர்’ என்ற எழுத்தாயிற்று. பழவேற்காடு ‘புலிகாட்’ ஆனபோதும், கீழ்ப்பாக்கம் ‘கில்பாக்’ ஆனபோதும், கோழிக்கோடு ‘காலிகட்’ ஆனபோதும் அது ‘எல்’ ஆயிற்று. எழும்பூர் ‘எக்மோர்’ ஆனபோது ‘ஜி’ ஆயிற்று. பழவந்தாங்கல் நிலையத்தின் ஆங்கிலப் பலகையிலோ ‘இசட்’, ‘எச்’ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்து நிற்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி ‘எல்’ எழுத்தின் அடியில் கோடிட்டு அதைக் குறித்தது. ஒரே ஒலிக்கு இத்தனை வேடங்கள்!

இவற்றுள் எந்த வேடமும் நாவுக்கு வழி காட்டுவதில்லை. கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் எழுதும் நம் பிள்ளைகள், ‘இசட்-எச்’ என்பதை நாள்தோறும் பார்க்கின்றனர். ஆங்கில வழியில் மட்டுமே பயிலும் சிலர் அந்த எழுத்துகளைப் பார்த்தே சொல்லை ஒலிக்கவும் தலைப்படுகின்றனர். ‘வாழ்க’ என்பதை எழுத்தால் கற்பதற்கு முன் காதால் கற்க வேண்டும். தாயின் வாயைப் பார்த்துக் கற்க வேண்டும்.

வேற்று நாட்டிலிருந்து வந்து இந்த ஒலியைக் கற்றவர்களை நம் திருச்சபை நன்கு அறியும். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், செபங்களைத் தமிழாக்கச் செய்து மனப்பாடமாகக் கற்று, மொழிபெயர்ப்பாளர் துணையோடு பணிபுரிந்தார். அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு என்றீக் என்றீக்கசு, தொடக்கத்தில் மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்திருந்தவர், தாமே தமிழைக் கற்றுத் தேர்ந்தார். கற்றதோடு நில்லாமல், தமக்குப் பின் வருவோர்க்கெனத் தமிழ் இலக்கணம் ஒன்றையும் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். கையெழுத்துச் சுவடியாக லிஸ்பனில் இருந்த அவ்விலக்கணம், 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது.

அச்சேறிய தமிழின் வரலாற்றிலும் இதே போராட்டத்தைக் காண்கிறோம். 1554-இல் லிஸ்பன் நகரில் அச்சிடப்பட்ட தமிழ் மறைக்கல்விச் சுவடி, தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்துகளிலேயே தந்தது. 1578-இல் என்றீக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களில் கொல்லத்தில் அச்சானபோது, தமிழ் தன் எழுத்திலேயே தாளில் பதிந்தது. ழகரம் வேடங்களைக் களைந்து தன் உருவில் நிற்பதற்கு அந்த 24 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இத்தாலியில் பிறந்து, தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் (1680–1747) முப்பது வயதை நெருங்கிய பின்னரே தமிழ் மண்ணை மிதித்தவர். அவர் தாய்மொழியில் ழகரம் கிடையாது. பேச்சுத் தமிழுக்கென இலத்தீனில் கொடுந்தமிழ் இலக்கணம் எழுதும் அளவுக்கு அவர் கேட்டுக் கேட்டுப் பழகினார். வளர்ந்த பிறகு, அயல் மண்ணிலிருந்து வந்தவர்க்கே இது கைகூடிற்று என்றால், தாம்பரத்தில் பிறந்து வளரும் பிள்ளைக்கு ஏன் கைகூடாது?

வீட்டில் கற்பிக்கும் முறை

கீழே கூறுவதை, மாலைச் செபம் முடிந்தபின் ஐந்து நிமிடம், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு விளையாட்டுப்போலச் செய்யலாம். பிள்ளையோடு பெற்றோரும் சேர்ந்தே செய்தல் நன்று.

முதலாவதாக, நாவுக்கு வழியைக் காட்டுதல். நாவின் நுனியை மேற்பல்லின் பின்புறத்தில் வைத்து, அங்கிருந்து மெல்லப் பின்னோக்கி அண்ணத்தின்மேல் இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். முதலில் ஈறு மேடாகத் தட்டுப்படும். அதன்பின் வழவழப்பான கூரைபோன்ற பகுதி வரும். மேட்டில் நின்றால் ல; கூரையில் ஒட்டினால் ள. இந்த இரண்டு இடங்களையும் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டாவதாக, ‘ள்’ என்று நீட்டச் சொல்லி, நீட்டும்போதே நுனியை மிகச் சிறிதளவு கீழே இறக்கச் சொல்லுங்கள். குரல் நிற்கக்கூடாது, நா நேராகிவிடவும் கூடாது. அந்தக் கணத்தில் ஒலி மாறும். அதுவே ழகரம். யகரமாக ஒலிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கும் இந்த வழியே ஏற்றது. ளகரத்தில் தொடங்குவதால் நுனி முதலிலேயே வளைந்துவிடுகிறது.

மூன்றாவதாக, சரியா தவறா என்று தானே அறியும் வழி. ளகரத்துக்கு நாவை வைத்தபடி, பேசாமல் வாய்வழியே மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாவின் இரு பக்கங்களிலும் குளிர்ச்சி தெரியும். ழகரத்துக்கு நாவை வைத்தபடி அதே போல் இழுத்தால், குளிர்ச்சி நாவின் நடுவே தெரியும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்துப்போகிறது. பிறர் திருத்தாமலே தம்மைத் தாம் திருத்திக் கொள்கின்றனர்.

நான்காவதாக, சொற்களின் வரிசை. தமிழில் ழகரம் சொல்லின் முதலில் வருவதில்லை என்பது நமக்கு வசதியே. ஆகாரத்தை அடுத்து இறுதியில் வரும் சொற்களில் தொடங்குக: யாழ், வாழ், தாழ், ஆழ். அடுத்து நடுவில் வருபவை: பழம், மழை, அழகு, கிழமை. அதற்கும் அடுத்து இகர ஈகாரங்களை ஒட்டி வருபவை: தமிழ், கீழே, விழி, கிழிசல். இவை சற்றுக் கடினம். இகரம் சொல்லும்போது நாவின் உடல் முன்னே செல்ல விரும்பும், ழகரமோ நுனியைப் பின்னே அழைக்கும். ஆதலால் ‘தமிழ்’ என்ற சொல்லிலேயே தொடங்கித் தோல்வி காண வேண்டாம்.

ஐந்தாவதாக, மூன்றையும் சேர்த்தல். வலி, வளி, வழி. தலை, தளை, தழை. அலை, அளை, அழை. விலை, விளை, விழை. ஒலி, ஒளி, ஒழி. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லிக்கொண்டே பழக வேண்டும். வளி என்றால் காற்று, தளை என்றால் விலங்கு என்று அறியும்போது, பிள்ளைக்கு மூன்று எழுத்துகள் ஏன் வேண்டும் என்பதும் தானே விளங்கிவிடும். முடிவில் நம் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் செய்யலாம். சோழிங்கநல்லூர் என்ற பெயரில் ழகரமும் லகரமும் அடுத்தடுத்து வருவதால், அது நல்ல தேர்வாக அமையும்.

செய்யத் தகாதவை

‘சாமி, இவனுக்கு நாக்கு தடிச்சுப்போச்சு. வசம்பு உரசித் தடவியும் ழ வரலை’ என்று பேரனைக் கூட்டிவந்த பாட்டியார் உண்டு. ‘பாட்டி, பையனுக்கு வயது என்ன?’ என்று கேட்டோம். நான்கு என்றார். நான்கு வயதில் ழகரம் வாராமை நோயன்று. ரகரமும் ழகரமும் போன்ற ஒலிகள் பிள்ளைகளுக்குப் பொதுவாகக் கடைசியில்தான் அமைகின்றன. பிற ஒலிகள் நன்கு வந்து, பேச்சு மற்றவர்க்கு விளங்குமானால், ஏழெட்டு வயது வரை பொறுத்திருக்கலாம். கைக்குழந்தைகளுக்கு வசம்பு கொடுப்பதை மருத்துவர்கள் எச்சரித்துத் தடுக்கின்றனர் என்பதையும் பெரியோர் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆனால் ழகரம் மட்டுமன்றிப் பல ஒலிகள் வாராதிருந்தாலோ, அழைத்தால் திரும்பிப் பாராதிருந்தாலோ காலம் தாழ்த்தலாகாது. முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். கேளாத ஒலியை நா எவ்வாறு பழகும்? நாவின் அடியிலுள்ள தசைநார் குட்டையாய் இருத்தல், அண்ணப் பிளவு போன்றவை இருப்பின் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் வழிகாட்டுவர். கிரேக்க நாட்டுப் பேச்சாளர் தெமோஸ்தனீஸ் வாயில் கூழாங்கல்லை வைத்துப் பழகினார் என்ற பழங்கதையைக் கேட்டுப் பிள்ளையின் வாயில் எதையும் போட்டுப் பயிற்சி அளிக்க வேண்டாம்; அது தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக, நகையாடல் கூடாது. விருந்தினர் வந்திருக்கையில் ‘எங்கே, ழ சொல்லு பார்ப்போம்’ என்று பிள்ளையை நடுவில் நிறுத்துவது பல வீடுகளில் வழக்கம். சிரிப்பவர் மறந்துவிடுவர், பிள்ளை மறக்காது. அச்சத்தில் நா இறுகும். இறுகிய நா வருடாது, ஒட்டிக்கொள்ளும். அதட்டுவதால் பிழை வளருமேயன்றிக் குறையாது.

யோர்தான் துறையில் நடந்தது

ஓர் ஒலியை வைத்து மனிதரைப் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, நீதித் தலைவர்கள் நூலின் 12-ஆம் அதிகாரத்தில் நடுங்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. இப்தாவின் தலைமையில் இருந்த கிலயாதியர், போரில் தோற்றோடிய எப்ராயிமரை யோர்தான் ஆற்றின் துறைகளில் மடக்கினர். ஆற்றைக் கடக்க வந்த ஒவ்வொருவனையும் ‘ஷிபோலத்து’ என்று சொல்லச் செய்தனர். எப்ராயிமரின் நாவில் அந்த முதல் ஒலி வரவில்லை, ‘சிபோலத்து’ என்றனர். சொன்னவரெல்லாம் அங்கேயே கொல்லப்பட்டனர். வீழ்ந்தோர் 42,000 பேர் என்று அந்நூல் கணக்கிடுகிறது. இரு சாராரும் ஒரே இஸ்ரயேலின் மக்கள். ஒரே கடவுளை வழிபட்டவர்கள். நா நின்ற இடம் மட்டுமே வேறு.

ழகரத்தை நாம் அத்தகைய துறைமுனைக் கேள்வியாக்கலாகாது. ‘ழ வராதவன் தமிழனா?’ என்ற பேச்சு நம் காதிலும் விழுகிறது. காலையில் மீன்கூடை சுமந்து வரும் அம்மாள் ‘வாயக்கா’ என்று சொல்லிப் பேரம் பேசுவதும் தமிழே. நெல்லையிலிருந்து வந்த ஆசிரியர் ‘வாளைக்காய்’ என்பதும் தமிழே. தம் நா திருந்தாதது என்று தயங்கி நின்ற மோசேயைக் கடவுள் ஒதுக்கிவிடவில்லை. ஆரோனைத் துணையாகத் தந்து அனுப்பினார்.

அதே வேளையில், கற்கக்கூடிய ஒன்றைக் கற்பிக்காமல் விடுவதும் அன்பாகாது. வீட்டுப் பேச்சு எப்படியிருப்பினும், பலர்முன் வாசிக்கும்போது சொல்லின் பொருள் சிதையாமல் வாசிப்பது கேட்போர்க்கு நாம் செலுத்தும் மரியாதை. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்: பாட்டியோடு பேச வீட்டுத் தமிழ், வாசக மேடையில் நிற்கத் திருத்தமான தமிழ். ஒன்றுக்காக மற்றொன்றை இகழ வேண்டியதில்லை.

ஆகவே பங்குகளில் வாசகர் பயிற்சி நடத்துவோர்க்கும் பெற்றோர்க்கும் நாம் வேண்டுவது இதுதான். ஞாயிறு வாசகத்தைச் சனிக்கிழமை மாலையிலேயே பிள்ளையின் கையில் கொடுங்கள். அதில் ழகரம் வரும் சொற்களின்கீழ் பென்சிலால் கோடிடச் சொல்லுங்கள். ஏழெட்டுக்கு மேல் இராது. அந்தச் சொற்களை மட்டும் மேற்சொன்ன முறையில் மும்முறை பழகட்டும். தவறினால் நா எங்கே ஒட்டிற்று என்று சொல்லுங்கள். ‘தப்பு’ என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். முன்வரிசையில் அமரும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்: வாசிப்பவர் தடுமாறினால் சிரிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று. ஒரு மாதம் இவ்வாறு செய்து பார்த்தபின், விலகிப்போன பிள்ளையின் பெயரை மீண்டும் வாசகர் பட்டியலில் சேர்த்து, அவர்களை அழைத்துப் பாருங்கள்.